ஆமையின் குரோமோசோம்களை எண்ணுவது எப்படி? செல் வளர்ப்பிலிருந்து ஸ்லைடு வரை, கொங்கு நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்துக் குளங்களிலும் பாசனக் கிணறுகளிலும் கிடக்கும் பாலாமையின் ஒவ்வோர் உடற்செல்லிலும் 66 குரோமோசோம்கள் இருக்கின்றன. புதர்க்காடுகளில் திரியும் நட்சத்திர ஆமைக்கு 52. நீர்நிலைகளில் வாழும் கருப்பு ஆமைக்கும் 52. அலங்கார மீன் கடைகளில் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் செங்காது ஆமைக்கு 50. கடலாமைகள் எல்லாவற்றுக்கும் 56. உலகில் இதுவரை பார்க்கப்பட்ட ஆமைகளின் இருமய எண்ணிக்கை (ஓர் உடற்செல்லிலுள்ள மொத்தக் குரோமோசோம்கள்) 26-இல் தொடங்கி 68 வரை செல்கிறது. பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் ஆமைகளின் குரோமோசோம் அமைப்பு மிக மெதுவாகவே மாறி வந்திருக்கிறது என்று ஆய்வாளர் ஜான் பிக்கம் 1981-இல் எடுத்துக்காட்டினார். அதனால் ஓர் ஆமையில் நாம் காணும் குரோமோசோம் வரிசை பல கோடி ஆண்டுப் பழைமையுடையதாக இருக்கலாம் என்பதும், அதைத் தவறாக எண்ணிவிட்டால் அந்த இனத்தின் உறவுமுறையையே தவறாக எழுத நேரும் என்பதும் இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியவை.

குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிவது செல் பிரியும்போது மட்டுமே. வளர்ந்த ஆமையின் தோலிலோ தசையிலோ பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு சிறு திசுத் துண்டை எடுத்து, பிளாஸ்கில் ஊடகம் என்ற ஊட்டக் கரைசலை ஊற்றி வளர்த்து, செல்கள் மும்முரமாகப் பிரியும் நேரம் பார்த்து அறுவடை செய்கிறோம். மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்தப்பட்டதைத் திருத்தி, 46 என்று 1956-இல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் நிறுவியதும் கருவின் நுரையீரலிலிருந்து வளர்த்த செல்களை வைத்துத்தான். இந்த வழிகாட்டி, கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்தில் ஓரளவு வசதியுள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலைத் திட்டப்பணியோ முனைவர் பட்ட ஆய்வோ செய்யும் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. செல் வளர்ப்பின் பாலபாடம் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அனுமதி இல்லாமல் ஆமையைத் தொடாதீர்கள்

பாலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. நட்சத்திர ஆமையும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதே அட்டவணைக்கு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தது, எங்கள் கிணறுதானே என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலாகாது. அறிவியல் ஆய்வுக்கு அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி. இவை கைக்கு வர மாதங்கள் ஆகும். திட்டப்பணிக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், விண்ணப்பத்தை முந்தைய ஆண்டே போட்டிருக்க வேண்டும்.

உயிருள்ள ஆமையைப் பிடித்து வருவதைவிட, வலையில் சிக்கியோ வண்டியில் அடிபட்டோ இறந்த ஆமையிலிருந்து வனத்துறையின் ஒப்புதலோடும் கால்நடை மருத்துவரின் துணையோடும் திசு பெறுவது எல்லோருக்கும் நல்லது. ஆமையின் செல்கள் பொறுமைசாலிகள். இறந்து சில மணி நேரம் ஆன பின்னும், உடல் குளிர்ச்சியான இடத்தில் இருந்திருந்தால், மூச்சுக்குழல், இதயம், ஓட்டின் விளிம்புக் குருத்தெலும்பு ஆகியவற்றிலிருந்து செல்கள் எழுந்து வருவது உண்டு. உயிருள்ள விலங்கென்றால் வால் நுனியிலோ விரலிடைச் சவ்விலோ, மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்ட பின், மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டு போதும்.

முதலில் நாமக்கல் முட்டையில் கை பழகுங்கள்

இது என் சொந்தக் கட்சி, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆமைத் திசு கிடைப்பது அரிது, வளர்வது மெதுவு. அதில் கை பழகுவது பட்டுச்சேலையில் தையல் பழகுவது போன்றது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நாமக்கல் இருக்கிறது. கோழிக்கு 78 குரோமோசோம்கள். ஆமையைப் போலவே அவற்றில் சில பெரியவை, பெரும்பாலானவை புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்குரோமோசோம்கள். கோழியில் நுண்குரோமோசோம்களைச் சிதறவிடாமல் ஸ்லைடில் பரப்பப் பழகிய கைக்கு ஆமை சிரமம் தராது. இந்த உறவு மேலோட்டமானதும் அன்று. சீன மென்னோட்டு ஆமையின் குரோமோசோம்களும் கோழியின் குரோமோசோம்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேர் இணையானவை என்று யோச்சி மட்சுடாவின் குழுவினர் 2005-இல் காட்டியிருக்கிறார்கள்.

கடையில் விற்கும் முட்டை உதவாது, அதில் கரு இராது. சேவலோடு வளரும் தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து அடைக்கு வைக்கும் முட்டையைக் கேட்டு வாங்கி, 10 அல்லது 11 நாள் அடைகாத்து, கருவின் தோல், தசைகளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்களை 37 முதல் 38 டிகிரியில் வளர்த்தால் இரண்டு மூன்று நாளில் பிளாஸ்க் நிறைந்துவிடும். ஒரே வாரத்தில் அறுவடை, ஸ்லைடு, சாயம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடலாம். நல்ல மெட்டாஃபேஸ் (செல் பிரிகையில் குரோமோசோம்கள் திரண்டு தெளிவாகத் தெரியும் நிலை) குறைந்தது பத்து கிடைக்கும் வரை ஆமைத் திசுவுக்குப் போக வேண்டாம்.

வெப்பநிலையில்தான் பாதி வேலை

ஆமை வெப்பம் மாறும் விலங்கு. அதன் செல்களை 37 டிகிரியில் வைத்தால் வளராது, சில நாளில் சுருங்கி மிதக்கும். 28 முதல் 30 டிகிரி வரை பொருத்தமானது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த ஒரு வரியில்தான் நம் ஊர் ஆய்வகங்கள் பல வழுக்கி விழுகின்றன. காரணம், வழக்கமான கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையின் வெப்பம் நாம் வைத்த அளவைவிட ஏறத்தாழ ஐந்து டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் அதனால் அந்த அளவைப் பிடித்து நிறுத்த முடியும்.

ஒரு சித்திரை மாதம் நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமை மாலை 28 என்று காட்டிய இன்குபேட்டரைப் பூட்டிவிட்டுப் போனோம். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது. திங்கள் காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே 35. பதினேழு நாள் காத்திருந்து எழுந்து வந்த செல்கள் எல்லாம் உருண்டு, ஊடகத்தில் தவிடு போல மிதந்துகொண்டிருந்தன. எந்திரம் பழுதாகவில்லை. தன்னால் செய்ய முடியாததை அதனிடம் கேட்டது எங்கள் தவறு.

இதற்குச் செலவு குறைந்த ஒரு வழி, அநேகமாக எல்லாக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையிலும் நிற்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர். அது குளிர்விக்கவும் செய்யும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு இல்லையே என்றால், லீபோவிட்ஸ் எல்-15 என்ற ஊடகத்தைப் பயன்படுத்துங்கள். சாதாரண டி.எம்.இ.எம். ஊடகத்தின் கார அமிலச் சமநிலை பைகார்பனேட்டையும் வெளியிலிருந்து தரப்படும் கார்பன் டை ஆக்சைடையும் நம்பியிருக்கிறது. எல்-15 தன்னிடமுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டே அதைப் பார்த்துக்கொள்ளும், காற்றே போதும். பிளாஸ்கின் மூடியை இறுக மூடிவிட வேண்டும். அதோடு 15 முதல் 20 சதவீதம் கன்றுக்கருச் சீரம், ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு பென்சிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின், 2.5 மைக்ரோகிராம் ஆம்போடெரிசின் சேர்த்தால் ஊடகம் தயார். சீரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தொடக்க வாரங்களில் 20 சதவீதமே வையுங்கள். செல்கள் வேகம் பிடித்த பின் 15-க்கு இறக்கலாம். மின்வெட்டுக்கு யு.பி.எஸ். இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, உள்ளே ஒரு குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பமானியை வைத்து, தினமும் காலையில் அதன் இரு முனைகளையும் நோட்டில் எழுதுங்கள். முகப்பில் ஒளிரும் எண் அந்த நொடியின் செய்தி. இரவு நடந்ததை வெப்பமானிதான் சொல்லும்.

திசுவைக் கழுவுதல்

குளத்துச் சேற்றில் கிடந்த விலங்கின் தோல், பாக்டீரியாவும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடியிருக்கும் ஓர் ஊர். சால்மோனெல்லா ஆமைகளில் சாதாரணம். ஆகவே கையுறை நமக்காகவும்தான். திசு எடுக்கும் இடத்தைச் சோப்பு நீரில் தேய்த்து, போவிடோன் அயோடின் தடவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய துண்டை, வழக்கத்தைப் போல் ஐந்து மடங்கு ஆன்டிபயாட்டிக் கலந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்குப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்து வாருங்கள். பனிக்கட்டிக்குள் புதைக்க வேண்டாம், திசு உறைந்துவிடக் கூடாது. லாமினார் ஹூடுக்குள் வந்ததும் அதே கரைசலில் பத்துப் பத்து நிமிடமாக ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புதிய தட்டில், கழுவுங்கள். கரைசல் கலங்கலாக இருக்கிறதோ இல்லையோ, எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ஆமைச் செல்கள் எழுந்து வர வாரக்கணக்கில் ஆகும், பூஞ்சைக்கு மூன்று நாள் போதும் என்பதை நினைவில் வைத்தால் இந்த ஒரு மணி நேரம் பெரிதாகத் தோன்றாது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. ஆமைமேல் சுமத்தப்பட்ட அந்தப் பழி உண்மையில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்குத்தான் பொருந்தும். கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாமல் செல்களோடு ஒட்டி வாழ்ந்து, பிரியும் வேகத்தைக் குறைத்து, குரோமோசோம்களில் முறிவுகளையும் உண்டாக்கும் இது, ஒரு பிளாஸ்கில் நுழைந்தால் இன்குபேட்டர் முழுதும் பரவும். டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் டேப்பி சாயமிட்டோ பி.சி.ஆர். மூலமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். பிடிபட்டால் வருந்தாமல் பிளாஸ்கை ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள்.

துண்டு வளர்ப்பு

இரண்டு ஸ்கால்பல் கத்திகளைக் கத்தரி போலக் குறுக்கே இழுத்து, திசுவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக நறுக்குங்கள். அழுத்தி நசுக்கினால் ஓரத்துச் செல்கள் செத்துவிடும். செல்கள் எழுந்து வருவதே ஓரத்திலிருந்துதான். மூச்சுக்குழல், ஓட்டின் விளிம்பு போன்ற கடினமான திசுக்களைக் கொலாஜினேஸ் நொதியில் ஓரிரவு ஊற வைத்துத் தளர்த்துவதும் பயன் தரும். 25 சதுர சென்டிமீட்டர் பிளாஸ்க் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் போதும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுச் சீரம் வைத்து, துண்டுகள் பிளாஸ்கின் தரையில் ஒட்டும் வரை சில மணி நேரம் விட்டு, பிறகு அவை மிதக்காதபடி ஒன்றரை மில்லிலிட்டர் ஊடகத்தை மட்டும் ஓரமாக விடுங்கள்.

இனி ஒரு வாரம் பிளாஸ்கைத் தொடாதீர்கள். மாணவர்கள் பலரும் தோற்பது இங்கேதான். என்ன ஆயிற்று என்று தினமும் வெளியே எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஒட்டத் தொடங்கிய துண்டு ஒவ்வொரு முறையும் அசைந்து பிடி விடும். ஏழாம் நாள் பாருங்கள். துண்டின் விளிம்பில் நூல் நூலாக, இரு முனையும் கூர்ந்த செல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். கூழாங்கல் பரப்பியது போல நெருக்கமாக இருப்பவை மேல்தோல் செல்கள்; அவை அதிக தூரம் வளராது. சில துண்டுகளில் மூன்றாம் வாரம்தான் முதல் செல் தெரியும். துண்டைச் சுற்றிக் கருநிறப் பொட்டுகளாய் நிறமிச் செல்கள் தெரிந்தால் பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். பூஞ்சை கிளைகிளையாக நீளும், நிறமிச் செல் நட்சத்திரம் போல் ஒரே இடத்தில் நிற்கும். வாரத்துக்கு இருமுறை பாதி ஊடகத்தை மட்டும் மாற்றுங்கள். செல்கள் தாமே சுரந்து வைத்திருக்கும் வளர்ச்சிப் பொருள்கள் மீதிப் பாதியில் இருக்கின்றன.

தரையில் எண்பது சதவீதம் செல்கள் பரவியதும் டிரிப்சின் நொதி விட்டுப் பிரித்து, ஒன்றை இரண்டாகப் பிளாஸ்க் மாற்றுங்கள். ஒன்றை நான்காக்கும் பேராசை ஆமைச் செல்லிடம் செல்லாது. அக்கம்பக்கம் இல்லாமல் விடப்பட்டால் பிரிவதையே நிறுத்திவிடும். இரண்டாவது மாற்றத்திலேயே பாதியை உறைய வைத்துவிடுங்கள்: சீரத்தோடு, உறையும்போது செல்லைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதம், ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 80 வரை இறக்கி, மறுநாள் மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனுக்கு. குழாயின் மேல் இனம், ஆணா பெண்ணா என்பது, திசு, எத்தனையாவது மாற்றம், தேதி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பெட்டி ஆமையின் இதயத்திலிருந்து 1960-களில் உருவாக்கப்பட்ட டி.எச்.-1 என்ற செல் வரிசை இன்றும் செல் வங்கியில் கிடைப்பது இப்படிப் பத்திரப்படுத்தியதால்தான். ஆனால் அப்படி நெடுங்காலம் வளர்க்கப்பட்ட செல் வரிசைகளில் குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்வது வழக்கம். எண்ணுவதற்கு இரண்டாவதிலிருந்து ஐந்தாவது மாற்றத்துக்குள் இருக்கும் செல்களையே எடுங்கள்.

இரத்தத்தில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். வெள்ளணுக்களை பி.எச்.ஏ. என்ற பொருளால் தூண்டி ஐந்தாறு நாளில் அறுவடை செய்யலாம். இரத்தத்தை ஹெப்பாரின் குழாயில்தான் எடுக்க வேண்டும்; இ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பான் பட்டால் ஆமையின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ஆமையின் சிவப்பணுவுக்கும் உட்கரு உண்டு என்பதால் ஸ்லைடு முழுதும் அவை இறைந்து கிடந்து தொல்லை தரும். வேகம் வேண்டுமென்றால் இரத்தம். ஐந்தாண்டு கழித்தும் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் ஃபைப்ரோபிளாஸ்ட்.

அறுவடை

மூலனூர், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து வளர்க்கிறார்களே கண்வலிக்கிழங்கு, அந்தச் செங்காந்தளின் விதையிலிருந்து கிடைக்கும் கோல்சிசின்தான் நம் வேலையின் அச்சாணி. பிரியும் செல்லில் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் இழைகளை அது உருவாகவிடாது. செல் மெட்டாஃபேஸ் நிலையிலேயே நின்றுபோகும். ஆய்வகத்தில் அதன் உறவான கோல்செமிடைப் பயன்படுத்துகிறோம், நச்சு சற்றுக் குறைவு என்பதால். குறைவு என்றால் இல்லை என்று பொருளில்லை. கண்வலிக்கிழங்கைத் தின்றவர் கதி என்ன என்பது நம் ஊர்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையுறை இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள்.

அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு செல்களைப் புதிய பிளாஸ்குக்கு மாற்றி, முந்தைய நாள் முழு ஊடகத்தையும் புதிதாக்குங்கள். அன்று காலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, தட்டையான செல்களுக்கிடையே பளபளவென்று உருண்ட செல்கள் தெரிய வேண்டும். அவைதான் பிரிந்துகொண்டிருப்பவை. ஒரு பார்வைப் பரப்பில் இரண்டு மூன்றுகூட இல்லையென்றால் அறுவடையை நாளைக்குத் தள்ளுங்கள். இருந்தால், ஐந்து மில்லிலிட்டர் ஊடகத்துக்கு, மில்லிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் செறிவுள்ள கோல்செமிடை 25 மைக்ரோலிட்டர் சேருங்கள். இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம். கோழிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஆமைச் செல் மெதுவாகப் பிரிவதால் நான்கு மணியில் தொடங்கி ஆறு வரை போகலாம். நேரம் கூடக் கூட மெட்டாஃபேஸ்கள் அதிகம் கிடைக்கும், ஆனால் குரோமோசோம்கள் சுருங்கிக் குட்டையாகும். எண்ண மட்டும் வேண்டுமென்றால் குட்டையானாலும் பாதகமில்லை. குரோமோசோமில் பட்டைகள் தெரியும்படி சாயமிட நீளமானவை வேண்டும்.

டிரிப்சினால் செல்களை எடுக்கும்போது மேலே மிதக்கும் பழைய ஊடகத்தைக் கொட்டிவிடாதீர்கள். பிரியும் செல்கள் உருண்டு பிடி தளர்ந்திருப்பதால் நமக்கு வேண்டியவை பல அதிலேயே இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து, நிமிடத்துக்கு 1000 சுழற்சியில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, அடிவண்டலின் மேல் 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு எட்டு மில்லிலிட்டர் ஆக்குங்கள். நூறு மில்லிலிட்டர் நீரில் 0.56 கிராம் கரைத்தால் இந்தக் கரைசல் கிடைக்கும். உப்புக் குறைந்த இந்த நீரில் செல் ஊதிப் பருக்கும். உள்ளே குரோமோசோம்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். 1950-களின் தொடக்கத்தில் குரோமோசோம் ஆய்வாளர் டி.சி. சூவின் ஆய்வகத்தில் கரைசல் தயாரிப்பில் நேர்ந்த ஒரு பிழையால் வெளிப்பட்ட உத்தி இது. யார் அந்தக் கரைசலைத் தவறாகக் கலந்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. 28 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். முதல் முறை என்றால் மூன்று குழாய்களாகப் பிரித்து 20, 30, 40 நிமிடம் என்று சோதிப்பது நல்லது. நேரம் போதாவிட்டால் குரோமோசோம்கள் கொத்தாகக் கிடக்கும், மிகுந்தால் செல் வெடித்து நுண்குரோமோசோம்கள் தொலைந்துபோகும்.

நேரம் முடிந்ததும், மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் அப்போதுதான் கலந்து குளிரவைத்த நிலைநிறுத்தியை அரை மில்லிலிட்டர் சேர்த்து மெதுவாகக் கவிழ்த்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, பின் முழு அளவு விட்டு மூன்று முறை மாற்றுங்கள். முதல் மாற்றத்தில் குழாயைத் தட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரே வீச்சில் ஊற்றினால் வண்டல் பிண்ணாக்குப் போல் கட்டிவிடும், பிறகு எந்த பிப்பெட்டாலும் அதை உடைக்க முடியாது.

ஸ்லைடும் ஆடிக் காற்றும்

எவ்வளவு உயரத்திலிருந்து சொட்டு விட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு ஓர் ஐதீகம் இருக்கிறது. ஒரு முழம் என்பார்கள், ஆளுயரம் என்பார்கள், ஸ்டூலின் மேல் ஏறி நிற்பவரையும் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் உயரம் பெரிய பொருட்டில்லை. நிலைநிறுத்தி காய்கிற வேகம்தான் செல்லை விரிக்கிறது அல்லது விரியாமல் விடுகிறது. மாசியில் கோவைக் காற்று வறண்டிருக்கும். சொட்டு விழுந்த உடனே காய்ந்து, குரோமோசோம்கள் நெருங்கி, செல்லின் சாம்பல் நிறக் குழம்புக்குள் புதைந்து நிற்கும். ஐப்பசி மழையில் காய நேரம் பிடிக்கும்; செல்கள் அளவுக்கு மீறி விரிந்து, பக்கத்துச் செல்லின் குரோமோசோம்களோடு கலந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்தால் ஒரே ஸ்லைடின் இரு முனையும் இருவிதமாகக் காயும்.

ஆகவே ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வறண்ட நாளில் ஸ்லைடை வெந்நீர்த் தொட்டியின் ஆவிமேல் சில நொடி காட்டினால் போதும். ஸ்லைடு ஆல்கஹாலில் கழுவி, குளிர்ந்த வாலைவடிநீரில் கிடந்ததாக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்து இரண்டு சொட்டு. முதல் ஸ்லைடைச் சாயமிடாமலே நுண்ணோக்கியில் ஒளியைக் குறைத்துப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப அடுத்ததைத் திருத்துங்கள். இருபது ஸ்லைடை ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்பவருக்கு இருபதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும்.

சாயம்

எண்ணுவதற்கு ஜீம்சா போதும்: 6.8 பி.எச். உள்ள பாஸ்பேட் கரைசல் 47.5 மில்லிலிட்டரில் ஜீம்சா 2.5 மில்லிலிட்டர், பத்து நிமிடம். குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடமான செண்ட்ரோமியரைச் சுற்றியுள்ள ஹெட்டரோகுரோமாட்டினை (இறுகச் சுருண்ட பகுதியை) காட்ட சி-பட்டை முறை: ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 டிகிரியில் 5 சதவீதப் பேரியம் ஹைட்ராக்சைடு, 60 டிகிரியில் உப்பு சிட்ரேட் கரைசல், பிறகு ஜீம்சா. பேரியத்தில் எத்தனை நிமிடம் என்பது ஸ்லைடின் வயதைப் பொறுத்தது, ஐந்தில் தொடங்குங்கள். ரைபோசோம் மரபணுக்கள் இருக்குமிடத்தை வெள்ளி நைட்ரேட் சாயம் கரும்புள்ளியாகக் காட்டும். செல் பிரியத் தொடங்கும் முன் வேலை செய்த மரபணுக்களை மட்டுமே அது காட்டும் என்பதால், புள்ளி இல்லாத இடத்தில் மரபணு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

எண்ணுதல்

நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில், முழுமையாகவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பரந்திருக்கும் மெட்டாஃபேஸ்கள் முப்பதையாவது படமெடுங்கள். பாலாமையில் முப்பது செல்களை எண்ணும்போது சிலவற்றில் 66, சிலவற்றில் 65, 64, எங்கோ ஒன்றில் 60 என்று வரும். குரோமோசோம் தொலைவது எளிது, புதிதாக முளைப்பது அரிது. எனவே சராசரி எடுக்கக் கூடாது. அதிகமான செல்களில் திரும்பத் திரும்ப வரும் எண்ணே கணக்கு. 67, 68 என்று ஒன்றிரண்டில் வந்தால் பக்கத்துச் செல்லின் நுண்குரோமோசோம் ஒட்டியிருக்கலாம், அல்லது அது சாயத் தூளாக இருக்கலாம். நுண்ணோக்கியின் குவியத்தைச் சற்றே மேலும் கீழும் நகர்த்துங்கள்: குரோமோசோம் ஸ்லைடின் தளத்திலேயே தெளிவாகும், தூள் வேறு தளத்தில் மினுங்கும்.

வரிசைப்படுத்த பிக்கம் வகுத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. செண்ட்ரோமியர் நடுவிலோ (மெட்டாசென்ட்ரிக்) நடுவை ஒட்டியோ (சப்மெட்டாசென்ட்ரிக்) உள்ள பெருங்குரோமோசோம்கள் முதல் குழு. அது முனையை ஒட்டியோ (சப்டீலோசென்ட்ரிக்) முனையிலோ (டீலோசென்ட்ரிக்) உள்ள பெருங்குரோமோசோம்கள் இரண்டாம் குழு. நுண்குரோமோசோம்கள் மூன்றாம் குழு. கைகளின் நீளத்தை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அளந்து, நீண்ட கையைக் குட்டைக் கையால் வகுங்கள். லெவானும் அவருடைய கூட்டாளிகளும் 1964-இல் தந்த வரையறைப்படி 1.7 வரை மெட்டாசென்ட்ரிக், 3 வரை சப்மெட்டாசென்ட்ரிக், அதற்கு மேல் 7 வரை சப்டீலோசென்ட்ரிக். ஒரே செல்லை அளந்துவிட்டு முடிவு கட்டாமல், பத்துச் செல்களின் அளவை எடுங்கள். நுண்குரோமோசோம்களின் செண்ட்ரோமியரைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அளவு வரிசையில் அடுக்கினால் போதும்.

ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமைத் தேடுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஆமைகளில் அப்படி ஒன்று கிடையாது. முட்டை மண்ணில் அடையும்போது நிலவும் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. மென்னோட்டு ஆமைக் குடும்பம் இதற்கு விலக்கு. சீன மென்னோட்டு ஆமையில் கோழியைப் போலவே பெண்ணுக்குத்தான் வெவ்வேறான இரு பால் குரோமோசோம்கள், இசட், டபிள்யூ. ஆனால் அவை கோழியின் பால் குரோமோசோமோடு தொடர்புடையவை அல்ல; கோழியின் 15-ஆம் குரோமோசோமுக்கு இணையானவை. இரண்டுமே நுண்குரோமோசோம்கள் என்பதால் வெறும் ஜீம்சாவில் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டிலும் ரைபோசோம் மரபணுக்கள் உண்டு, டபிள்யூவில் அவை மிக அதிகம். அதனால் அந்த மரபணுக்களில் மட்டும் ஒளிரும் சாயத்தை ஒட்டவைக்கும் ஃபிஷ் முறையில் பெண்ணில் ஒரு பெரிய ஒளிப்புள்ளியும் ஒரு சிறியதும், ஆணில் இரண்டு சிறியவையும் தெரியும். நம் பாலாமையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆணும் பெண்ணும் சேர்த்து எடுத்து, ஒரே நாளில், ஒரே தொகுதி சாயத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்தால்தான் வேறுபாடு ஆமையுடையதா, சாயத்தினுடையதா என்று சொல்ல முடியும்.

ஸ்லைடு போட்டது போக மீந்த செல் கலவையைப் புதிய நிலைநிறுத்தியில் ஒருமுறை மாற்றி, மூடியைப் பாராஃபிலிமால் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஓராண்டு கழித்து எடுத்தாலும், இரண்டு முறை புது நிலைநிறுத்தியில் கழுவிவிட்டால், அதே ஆமையிலிருந்து இன்னொரு ஸ்லைடு போடலாம்.